ஹாதோர்ன் ஆலையில் ஊக்கத்தைத் தேடியவர்கள்

சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் நடத்திய ஹாதோர்ன் ஆலை தொலைபேசிக் கருவிகளுக்குப் பேர் பெற்றது. எனினும், தொழிலாளிக்குப் பிறர் ஊக்கம் ஊட்ட முடியுமா என்னும் கேள்வியை முன்வைத்து அங்கு நடந்த சோதனைகளே அதன் பெயரை வரலாற்றில் நிறுத்தின. 1924இல் தொடங்கிய முதற்சோதனைகளில் விளக்கொளியின் ஏற்ற இறக்கத்துக்கும் உற்பத்திக்கும் தெளிவான தொடர்பு எதுவும் புலப்படவில்லை.

1927இல் ரிலே கோக்கும் பெண்கள் ஐவர் தனியறைக்கு மாற்றப்பட்டனர். ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சிறு இணைப்புக் கருவி; முப்பதுக்கும் மேற்பட்ட நுண்ணிய உறுப்புகளைப் பொருத்தி, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஒன்றை முடித்துச் சரிவுக் குழாயில் போட்டதும், காகித நாடாவில் ஒரு துளை விழுந்து கணக்கு ஏறியது. இடைவேளை, காலைச் சிற்றுண்டி, குறைந்த வேலைநேரம் எனச் சலுகைகள் படிப்படியாகத் தரப்பட்டன. பின்னர் அவற்றை நிறுத்திப் பார்த்தபோதும் வார உற்பத்தி பழைய அளவுக்கு இறங்கவில்லை. கனிவான மேற்பார்வையும் தோழமையும் தந்த உற்சாகமே இதற்குக் காரணம் என்று ஹார்வர்ட் பேராசிரியர் எல்டன் மேயோ விளக்கினார்.

இவ்விளக்கத்தில் பாதி உண்மைதான் உண்டு. முன்பு சுமார் நூறு பேரின் மொத்த உற்பத்தியைப் பொறுத்திருந்த கூலி, தனியறையில் ஐவரின் உற்பத்தியை மட்டும் பொறுத்ததாக மாறியதால், ஒருத்தியின் உழைப்பு அவள் கைக்கே பணமாகத் திரும்பியது. அன்றியும், 1928இன் தொடக்கத்தில், பேச்சு மிகுதி, ஒத்துழைப்புக் குறைவு என்னும் குறைகள் கூறப்பட்டு இருவர் விலக்கப்பட்டு வேறு இருவர் அமர்த்தப்பட்டனர். கனிவின் வெற்றியாகப் போற்றப்படும் சோதனையில் இது நேர்ந்தது என்பதைப் பாடநூல்கள் பலவும் எளிதாகக் கடந்துவிடுகின்றன.

1931 நவம்பரில் தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் பணிக்குழுவின் ஆண்கள் பதினால்வரைத் தனியறையில் அமர்த்தி உற்றுநோக்கியபோது நேர்மாறான நடத்தை வெளிப்பட்டது. மிகுதியாகச் செய்தால் மிகுதியான கூலி என்னும் திட்டம் இருந்தும், நாளொன்றுக்கு இரண்டு கருவிகளே நியாயமான வேலை என்று அவர்கள் தமக்குள் வரம்பு வகுத்திருந்தனர். வரம்பை மீறி விரைந்தவனின் மேற்கையில் சக தொழிலாளி ஓங்கி ஒரு குத்து விட்டான். உற்பத்தி உயர்ந்தால் கூலி விகிதம் வெட்டப்படும், ஆட்குறைப்பும் வரும் என்ற அச்சத்தின் முன் நிர்வாகத்தின் ஊக்கத்தொகை எடுபடவில்லை. பெருமந்தத்தால் வேலையே அருகிப்போக, அவ்வறையின் ஆய்வு 1932 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது.