கிளட்ச் வழுக்குதா? முதல்ல ஆயில் டப்பாவைப் பாருங்க

100 சிசி பைக். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினா இன்ஜின் அலறுது, வண்டி வேகமெடுக்கல. "கிளட்ச் பிளேட் போச்சு"ன்னு உடனே முடிவு பண்ணிடறோம். கொஞ்சம் பொறுங்க. இதுல ஒரு வரலாறு இருக்கு, சொல்றேன்.

கியர் போட்டு ஓட்டுற காரில் கிளட்ச் மேல இன்ஜின் ஆயில் படாது. நம்ம பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூணும் ஒரே ஆயிலில்தான் ஊறுது. பெட்ரோலை மிச்சப்படுத்த, கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் ரசாயனங்களைச் சேர்த்தாங்க. இன்ஜினுக்கு நல்லதுதான். ஆனா கிளட்ச்சோட பிழைப்பே உராய்வுலதானே! அந்த ஆயில் ஊத்தின பைக்குகளில் கிளட்ச் வழுக்குச்சு.

அதனால ஜப்பானில் 1998-ல் பைக் ஆயிலுக்குன்னே தனித் தரம் வந்துச்சு: ஜாசோ. அதில் எம்ஏ, ஆயிலில் ஊறும் கிளட்ச்சுக்கு. உராய்வு குறைந்த எம்பி, பெரும்பாலும் ஸ்கூட்டருக்கு.

ஸோ, பிளேட்டுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, கிளட்ச் லீவர் நுனியில் 10–20 மில்லிமீட்டர் லூஸ் இருக்கணும். கேபிள் இறுக்கமா இருந்தா, கிளட்ச் பாதி அமுங்கியே கிடக்கும். ரெண்டு, ஆயில் டப்பாவில் எம்ஏன்னு போட்டிருக்கணும். இல்லைன்னா ஆயிலை மாத்துங்க. அதுக்கப்புறமும் வழுக்கினா, பிளேட் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்போ தாராளமா மாத்தலாம்.