பஞ்சு ஊரில் பஞ்சப்படி

விலைவாசி ஏறினால் வீட்டில் முதலில் என்ன செய்வோம்? சிக்கனம்! சாம்பாரில் பருப்பு குறையும். காபி டம்ளர் சின்னதாகும். சரி, குறைக்க இனி ஒன்றுமே மிச்சமில்லை என்றால்?

நூல் விலை ஏறினால் பனியன் விலையும் ஏறுகிறது. அரிசி விலை ஏறினால் பனியன் தைக்கிறவர் கூலியும் ஏறணும் இல்லையா? இந்த எளிய கணக்குக்குப் பெயர்தான் பஞ்சப்படி!

1984-ல் அதைக் கேட்டுத்தான் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல... 127 நாட்கள்! வாரக் கூலியை நம்பி அடுப்பெரிந்த வீடுகள். நான்கு மாதத்துக்கு மேல் அந்தக் கூலியும் கிடையாது. அவர்கள் பார்த்த சிக்கனத்துக்கு முன்னால் நம்முடையது எம்மாத்திரம்?

உங்கள் சம்பளச் சீட்டில் 'டி.ஏ.' என்று ஓரமாக இரண்டெழுத்து இருக்கிறதா? அடுத்த முறை கொஞ்சம் நின்று பாருங்கள்.