ஊமத்தையும் இளநீரும்

வேலியோரத்தில் தானே முளைத்துக் கிடக்கும் ஊமத்தையை எவரும் நீர் ஊற்றிப் போற்றுவதில்லை. ஆயினும் தாவர நூல் வரலாற்றில் அதற்கு உயர்ந்த இடம் உண்டு. 1964ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக் கழகத்தில், அச்செடியின் மகரந்தப் பையிலிருந்து கருக்கள் தோன்றிய செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இதனைக் குறிப்பிடுவோர் பலர், 'தற்செயலாகக் கிடைத்த கண்டுபிடிப்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். அச்சொல் முழு உண்மைதானா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் விதையின் அமைப்பை நினைவுகூர்வோம். விதைக்குள் உறங்குவது கரு. அதற்கு உணவாவது முளைசூழ்தசை. தேங்காயில் நாம் உண்ணும் பருப்பும் பருகும் இளநீரும் இத்தசையின் இரு வடிவங்களே. கருவை விதையிலிருந்து பிரித்தெடுத்து வளர்க்கலாம் என்பதை ஜெர்மனி நாட்டு ஹானிக் 1904இல் காட்டினார். ஆனால் அவர் எடுத்தவை பெரும்பாலும் முற்றிய கருக்கள். மிக இளங்கருவை வெளியில் வளர்ப்பது நெடுங்காலம் அரிய செயலாகவே இருந்தது.

1941இல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக், மேரி காங்க்லின், பிளேக்ஸ்லி ஆகிய மூவரும் ஊமத்தையின் இளங்கருக்களை இளநீர் கலந்த கரைசலில் இட்டுப் பார்த்தனர். அவை வளர்ந்தன! தென்னங்கருவுக்கென இயற்கை சேர்த்து வைத்த உணவு, உறவே இல்லாத வேறொரு செடியின் கருவையும் வளர்த்தது. அதன்பின் திசு வளர்ப்புக் கூடங்கள் பலவற்றில் இளநீர் சிறந்ததோர் ஊட்டப் பொருளாயிற்று.

இனி, தில்லிக்கு வருவோம். அங்கே தாவரவியல் துறைக்கு 1949 முதல் தலைமை ஏற்றவர் பஞ்சானன் மகேசுவரி. 1904இல் ஜெய்ப்பூரில் பிறந்த இவர், டட்ஜன் என்னும் அமெரிக்க ஆசிரியரிடம் பயின்றவர். தம் மாணவர் தம்மை விஞ்சுவாராயின் அதுவே தமக்குப் பெருநிறைவு என்று அவ்வாசிரியர் கூறினாராம். அச்சொல்லை மாணவர் மறக்கவில்லை. பூக்கும் செடிகளின் கருவியல் பற்றி 1950இல் அவர் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. அவரும் காந்தா, ரங்கசாமி ஆகியோரும் 1962இல் கசகசாச் செடியின் சூல்களைக் கண்ணாடிக் குழாயிலேயே கருவுறச் செய்து, அங்கேயே விதையாக்கிக் காட்டினர். இவ்வாறு, கருவின் ஒவ்வொரு பருவத்தையும் கண்டவுடன் அறியும் பயிற்சி அத்துறையில் வேரூன்றியிருந்தது.

அத்துறையில்தான் சிப்ரா குகா என்னும் இளம் பெண்மணி, சதீசு சந்திர மகேசுவரியுடன் ஆராய்ச்சி செய்தார். மகரந்தம் உண்டாகுங்கால் நிகழும் குன்றற் பகுப்பை அறியவே அவர் ஊமத்தையின் மகரந்தப் பைகளைப் பல்வேறு கரைசல்களில் வளர்த்தார். இளநீர் சேர்த்ததும் அவற்றுள் ஒன்று. அவர் தேடியது கிடைக்கவில்லை. சில வாரங்களில் பைகளுக்குள்ளிருந்து கரு போன்ற உருவங்கள் வெளிப்பட்டன. 'சோதனை கெட்டுவிட்டது' என்று குழாய்களைக் கழுவி வைத்திருந்தால் யார் கேட்டிருப்பர்? அவர் அவ்வாறு செய்யவில்லை. இவை எங்கிருந்து வந்தன என்று வினவினார். விடை கிடைக்க ஈராண்டு சென்றது. பையின் சுவரன்று, மகரந்தத் தூளே அவற்றின் தாய் என்பதை 1966இல் இருவரும் நிறுவினர்.

இதனால் விளைந்த பயன் யாது? ஊமத்தையின் உடலணுவில் குரோமோசோம்கள் 24, மகரந்தத்தில் 12. மகரந்தத்திலிருந்து பிறந்த செடிக்கும் 12 மட்டுமே. அதனைக் கோல்ச்சிசின் என்னும் மருந்தால் இரட்டித்தால், ஒவ்வோர் இணையும் முற்றும் ஒத்திருக்கும் தூய வழிச் செடி கிடைக்கும். தன் மகரந்தச் சேர்க்கையால் பல தலைமுறை பாடுபட்டுப் பெறுவதை ஒரே தலைமுறையில் பெறலாம். 1968இல் ஜப்பானிய அறிஞர்களான நீசெக்கியும் ஓனோவும் நெல்லிலும் இம்முறையால் செடிகளைப் பெற்றனர். பின்னர்ச் சீனாவில் இவ்வழியே நெல், கோதுமைப் புது வகைகள் உருவாயின.

ஆகவே, தற்செயல் தந்தது காட்சி ஒன்றையே. கண்டதைக் கரு என்று அறிந்தது பழகிய கண்; விடாது தொடர்ந்தது உள்ளத்தின் உறுதி. பஞ்சானன் மகேசுவரி 1966இல் மறைந்தார். சிப்ரா குகா 2007இல் மறைந்தார். இந்தியாவின் மேல்நிலைப் பள்ளிகளுக்கென 1964இல் வெளிவந்த உயிரியல் பாடநூலும் அந்தப் பெரியவரின் தலைமையில் உருவானதே.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பள்ளித் தோட்டத்தில் மாணவன் ஒருவன் எதையோ கண்டு ஓடிவந்து காட்டும்போது, 'இது பாடத்தில் இல்லை' என்று அனுப்பிவிடுதல் எளிது. 'இது எங்கிருந்து வந்தது?' என்று அவனோடு சேர்ந்து கேட்பதே ஆசிரியப் பணியாகும்.