செம்பட்டி ரோட்டில் நின்ற அம்பாசிடர்

போன வாரம் எங்க ஊர் டிரைவர் சித்தப்பாவோட மகன் போன் பண்ணினான். "அண்ணே, அப்பா வண்டி இழுக்க மாட்டேங்குது. பத்து நிமிசம் ஓடுது, அணைஞ்சிடுது. கொஞ்சம் வர்றீங்களா?" நான் மெக்கானிக் இல்லை. ஆனா அந்த வண்டியில எனக்குப் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு.

1988, அக்னி நட்சத்திரம். அக்காவுக்கு இடுப்பு வலி எடுத்துருச்சு. ஊருக்கே ஒரே டாக்சி, சித்தப்பாவோட மார்க் 3 அம்பாசிடர். வத்தலக்குண்டு பக்கமிருந்து திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். செம்பட்டி தாண்டினதும் ரெண்டு தடவை இருமி வண்டி நின்னுபோச்சு. பின்சீட்டில் அக்கா அலறுது. அம்மா மாரியாத்தாளைக் கூப்பிடுறாங்க. சித்தப்பா மட்டும் பதறவே இல்லை.

"டேங்க்ல இருந்து வரிசையா வரணும்டா. நடுவுல குதிச்சா நாள் பூரா தேடணும்" என்றார்.

முதல்ல டேங்க் மூடியைத் திறந்தார். மூடியில ஒரு மூச்சு ஓட்டை உண்டு. அது அடைச்சிருந்தா உள்ளே காத்து போகாது, பெட்ரோலும் வெளியே வராது. அப்படியிருந்தா திறக்கும்போது 'ஸ்ஸ்'னு சத்தம் வரும். வரலை. முள்ளை நம்பாம குச்சி விட்டுப் பார்த்தார், பெட்ரோல் இருந்தது. பிளக்கில் பொறி வருதான்னு பார்த்தார், வந்தது. அப்புறம் கார்புரேட்டருக்குப் போற குழாயைக் கழட்டி என்னை ஸ்டார்ட்டர் போடச் சொன்னார். பெட்ரோல் பீச்சி அடிச்சா கோளாறு கார்புரேட்டர்ல. வரலைன்னா பம்ப்லயோ பின்னாடி குழாயிலயோ. வெறும் காத்துக் குமிழிதான் வந்தது.

நம்ம கிணத்து மோட்டார் தண்ணி எடுக்கலைன்னா இதைத்தானே செய்யுறோம்? புட்வால்வுல சருகு அடைச்சிருக்கா, இணைப்புல காத்து வாங்குதான்னு கீழேயிருந்து பார்த்துக்கிட்டே வருவோம்.

பெட்ரோல் ஒரே சூட்டில் கொதிக்கிற சரக்கு இல்லை. அதுல இருக்கிற லேசான பகுதி 40 டிகிரியிலேயே ஆவியாகிடும். அந்தப் பழைய வண்டியில பம்ப் இன்ஜினோட ஒட்டியே இருக்கும். டேங்க்கோ கடைசியில. அத்தனை தூரம் உறிஞ்சி இழுக்கும்போது குழாய்க்குள்ள அழுத்தம் குறையும், பெட்ரோல் இன்னும் சுலபமா ஆவியாகும். பம்ப் ஆவியைத்தான் அடிக்கும், பெட்ரோலை இல்லை. இதைத்தான் வேப்பர் லாக் என்பார்கள். கொடைக்கானல் மலை ஏறும்போது இன்னும் மோசம். சுமார் 7,000 அடி உயரம், போகப்போக காத்தழுத்தம் குறையும், இன்ஜினும் திணறிச் சூடாகும். டம்டம் பாறைப் பக்கம் பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு நின்ன கார்களை அந்தக் காலத்துல நிறையப் பார்த்திருக்கேன்.

குடிக்கக் கொண்டுபோன தண்ணியில துண்டை நனைச்சு பம்ப் மேல சுத்தினார் சித்தப்பா. கால்மணி நேரம் புளியமர நிழல்ல நின்னோம். அது என் வாழ்க்கையிலேயே நீளமான கால்மணி நேரம். அப்புறம் பம்ப் அடியிலிருந்த லீவரைக் கையால அடிச்சுப் பெட்ரோலை ஏத்தினார். வண்டி புடிச்சது. அன்னிக்குச் சாயங்காலம் பிறந்த பொண்ணு இப்ப சென்னையில வேலை பார்க்குது.

அந்த வண்டியோட பூர்வீகம் இங்கிலாந்து. மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரோட வடிவத்தை வாங்கி, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டியது. 1950-களின் கடைசியில் வந்த அம்பாசிடர், 2014 மே மாசம் வரை பெரிய மாற்றம் இல்லாமலே வந்தது. அதுல ஒரு நல்லது இருந்தது. ஸ்பேனர் ஒண்ணு, ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு, பொறுமை கொஞ்சம் இருந்தா ரோட்டோரத்திலேயே கோளாறைக் கண்டுபிடிச்சிடலாம்.

வண்டி மாறலை, ஆனா அது குடிக்கிறது மாறிடுச்சு. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்னது. 2022-ல் எத்தனால் கலப்பு 10 சதவீதத்தைத் தொட்டது, 2025-ல் 20 ஆச்சு. அந்தக் காலத்து ரப்பரும் கார்க்கும் எத்தனாலுக்குன்னு செஞ்சது இல்லை. ஊறி உப்பும், இல்லைன்னா விரிசல் விடும். டேங்க்ல வருசக்கணக்கா ஒட்டியிருந்த கசடையும் எத்தனால் இளக்கி பில்டருக்கு அனுப்பிடும். ஈரத்தையும் இழுக்கும். அதனால மாசக்கணக்கா நிக்கிற வண்டிக்குத்தான் பாடு அதிகம்.

போன வாரமும் வரிசையாத்தான் வந்தோம். மூடி சரி. பொறி சரி. கார்புரேட்டர் குழாயில் பெட்ரோல் சொட்டுச் சொட்டா வந்தது. ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தா பெட்ரோல் வாசம். பம்ப்பைக் கழட்டினோம். உள்ளே டயாபிராம் உப்பிப் போய் ஓரத்துல கிழிஞ்சிருந்தது. அந்த வழியா பெட்ரோல் இன்ஜின் ஆயில்ல இறங்கியிருக்கு. அப்படியே ஓட்டியிருந்தா ஆயில் நீர்த்துப் போய் இன்ஜினே போயிருக்கும்.

எத்தனாலுக்குத் தாங்குற டயாபிராமும் ஹோஸும் வாங்கி மாட்டி, ஆயிலை மாத்தினதும் வண்டி புடிச்சது.

"எத்தனாலை எதுலண்ணே எடுக்குறாங்க?" என்று கேட்டான்.

"கரும்பு, அரிசி, மக்காச்சோளம்" என்றேன். பேசிக்கிட்டிருந்த எடத்துக்கு எதிர்ல ரெண்டு ஏக்கர்ல என் மக்காச்சோளம் கதிர் முத்தி நிக்குது. எத்தனால் ஆலைகள் வாங்குறதால விலை கொஞ்சம் நிமிர்ந்திருக்குன்னு வியாபாரி சொன்னப்போ சந்தோசப்பட்டவன் நான். சித்தப்பா வண்டியோட டயாபிராமைத் தின்னதும் அதே சோளத்தோட சாராயம்தான். அதைச் சொல்லவும் முடியலை, சொல்லாம இருக்கவும் முடியலை.

கிழிஞ்ச டயாபிராமை அவன் தூக்கிப் போடலை. சித்தப்பா போட்டோவுக்குக் கீழே வச்சிருக்கான்.