நீதிபதியைத் திருத்திய 641

மேதை சொன்னார் என்பதால் ஒன்று மெய்யாகிவிடுமா? ஐந்து முறை பலித்தது என்பதால் ஆறாம் முறையும் பலித்துத்தான் தீருமா? இவ்விரு கேள்விகளுக்கும் ஓர் எண் விடை பகர்ந்திருக்கிறது. 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297 என்பதே அந்த எண்.

பிரான்சு நாட்டின் தூலூஸ் நகர நீதிமன்றத்தில் அமர்ந்து வழக்குகளை ஆராய்ந்தவர் பெர்மா. தொழில் சட்டம், நாட்டம் கணக்கு. ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். பகா எண்களை ஓயாமல் ஈன்று தரும் வழியொன்றைக் கண்டுவிட்டதாக 1640ஆம் ஆண்டில் அவர் கருதினார். வழி எளிது. இரண்டில் தொடங்கி, கிடைக்கும் எண்ணை அதே எண்ணால் பெருக்கிக்கொண்டே செல்லுங்கள்: 2, 4, 16, 256, 65,536. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டுங்கள்: 3, 5, 17, 257, 65,537. ஐந்தும் பகா எண்கள்! ஆறாவதாக வருவதுதான் மேலே கண்ட பேரெண். அதுவும் பகா எண்ணே, அதற்கப்பால் வருவனவும் பகா எண்களே என்று நம்பினார் பெர்மா. நம்பினாரேயன்றி நிறுவினாரில்லை. நிறுவல் தம்மிடம் இல்லையென்று கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை அவருக்குப் பெருமையே.

ஏறத்தாழ நூறாண்டுகள் அந்த நம்பிக்கை அசையாமல் நின்றது. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற அறிஞர், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த ஆய்லருக்குக் கடிதம் எழுதி, பெர்மாவின் கூற்றை அறிவீரா என்று வினவினார். ஆய்லருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. 1732இல் அந்த இளைஞர் விடையிறுத்தார்: அவ்வெண் 641ஆல் வகுபடும்! தாளை எடுத்து 641ஐ 67,00,417ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல் அதே எண் வந்து நிற்கும். மேதையின் நம்பிக்கையை மூன்றிலக்க எண்ணொன்று முறித்துப் போட்டது!

641ஐத் தேடிப் பிடிப்பது எங்ஙனம்? கண்ட எண்ணாலெல்லாம் வகுத்துச் சலிக்க வேண்டியதில்லை. இப்பேரெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும் என்று ஆய்லரே பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்களின் வரிசை 193, 257, 449, 577, 641. நான்கு முறை தோல்வி; ஐந்தாம் முறை வெற்றி. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த வகுத்தல்தான்!

ஆயினும் பெர்மாவின் எண்கள் பயனற்றுப் போகவில்லை. 17 சமபக்கங்களும் சமகோணங்களும் கொண்ட வடிவத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய இயலும் என்று 1796இல் பதினெட்டு வயதுக் காஸ் காட்டினார். 17 அவ்வரிசையில் வந்த பகா எண் என்பதே அதற்கு அடிப்படை.

65,537ஐத் தாண்டி அவ்வரிசையில் ஒரு பகா எண்ணும் இன்றுவரை கிட்டவில்லை. 'இனி இல்லவே இல்லை' என்று கூறிவிடலாமா? கூடாது தோழர்களே! அதையும் எவரும் நிறுவவில்லை. நிறுவாமல் கூறினால், பெர்மா சறுக்கிய இடத்திலேயே நாமும் சறுக்குவோம்.