கடிதம் காலி செய்த கோட்டை

காசாபிளாங்காவுக்கு வேலையாக வந்து, கையில் ஒரு நாள் மிஞ்சி நிற்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மராகேஷ் போயிட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடலாமா சார்?" திரும்பலாம். போக மூன்று மணி, வர மூன்று மணி, நடுவில் கூட்டத்தில் இடிபட்டு, பேரம் பேசத் தெரியாமல் ஒரு பித்தளை விளக்கை வாங்கிக்கொண்டு வரலாம். நான் அவர்களைத் தென்மேற்கே அனுப்புவேன். கடலை ஒட்டி, சுமார் நூறு கிலோமீட்டரில் எல் ஜதீதா. போர்ச்சுகீசியர் அங்கே கோட்டை கட்டி இருந்த காலத்தில் அதற்கு மசகாவ்ம் என்று பெயர்.

உர ஆலைகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் வாங்குகிற வேலையில் மொராக்கோவில் பல வருஷம் கழித்தவன் நான். எல் ஜதீதாவுக்குக் கொஞ்சம் தெற்கே ஜொர்ஃப் லஸ்ஃபர் துறைமுகம். இந்திய வயல்களுக்குப் போகும் டிஏபி உரத்தின் அமிலத்தில் ஒரு நல்ல பங்கு அங்கிருந்துதான் கப்பலேறுகிறது. வேலைக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் நுழைந்து நுழைந்துதான் அதன் மேல் எனக்குப் பித்துப் பிடித்தது.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும், அவசரமே இல்லை. நெடுஞ்சாலையில் சுங்கக் கட்டணத்துக்குச் சில்லறை திர்ஹம் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் நூற்றிருபதுக்கு மேல் வேண்டாம், கேமராவோடு போலீஸ் நிற்கும். இரண்டு பக்கமும் துக்காலா சமவெளியின் வயல்கள். நேரே எல் ஜதீதாவுக்கு ஓட்டாமல் அதற்குப் பதினாறு கிலோமீட்டர் முன்னால் அஸெம்மூரில் இறங்குங்கள்.

அஸெம்மூரை ஊம் எர்-ரபியா ஆற்றின் அக்கரையிலிருந்து பார்க்க வேண்டும். ஆற்றங்கரைச் சரிவில் மதில், மதிலுக்கு மேல் வெள்ளை வீடுகள். இந்த ஊரின் பழைய செல்வம் முழுக்க ஆற்றில் ஏறி வந்த மீன்தான். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குள் வரும் மீன். நம் உல்லத்தின் உறவு. 1486-இல் இந்த ஊர் போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் ஜொவாவ்முக்குக் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டபோது, கப்பமாகக் குறித்தது வருஷத்துக்குப் பத்தாயிரம் மீன். பின்னால் கப்பம் நின்றது, பிணக்கு வந்தது. 1513-இல் பிராகான்சா கோமகன் ஜைமி பெரும் கப்பல் படையோடு வந்து ஊரைப் பிடித்தார். அந்தச் சண்டைகளில் காலில் அடிபட்டு, ஆயுள் முழுக்க நொண்டிய ஒரு சிப்பாயை உலகத்துக்கே தெரியும்: மெகல்லன்.

அவரைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். எஸ்தெவானிகோ என்று ஸ்பானியர்கள் பெயர் வைத்த அஸெம்மூர்க்காரர். அடிமையாக விற்கப்பட்டு, 1527-இல் ஸ்பானியத் தளபதி நர்வாயெஸின் படையோடு அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார். சுமார் முந்நூறு பேர் கரையிலிருந்து உள்நாட்டுக்குள் நடந்த அந்தப் பயணத்தில், கண்டத்தைக் குறுக்கே நடந்து கடந்து மெக்சிகோ வந்து சேர்ந்தவர்கள் நாலே பேர். அவர்களில் இவர் ஒருவர். 1539-இல், இன்றைய நியூ மெக்சிகோவில், சூனி மக்களின் ஊரில் மாண்டார். அஸெம்மூர்ச் சந்துகளில் நடக்கும்போது மெகல்லனை விட்டுவிட்டு இவரை நினைத்துக்கொள்ளுங்கள். மீன் இப்போது இல்லை. ஆற்றில் அணைகள் வந்தபின் அதற்கு மேலேற வழியில்லாமல் போயிற்று.

ஒரு மணி நேரம் இங்கே போதும். பத்தரைக்குள் எல் ஜதீதா வந்துவிடலாம். கோட்டைக்கு வெளியே வண்டியை நிறுத்தியதும் மேல்சட்டை மாட்டிய ஒருவர் எங்கிருந்தோ முளைப்பார். கார்டியன் என்பார்கள். வண்டியைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. கிளம்பும்போது சில திர்ஹம் கொடுத்தால் சரி.

இனி கோட்டை. 1514-இல் பிரான்சிஸ்கோ, தியோகோ என்ற அருதா சகோதரர்கள் இங்கே கட்டியது நாலு கோபுரம் வைத்த ஒரு சாதாரணக் கோட்டைதான். இன்று நாம் பார்க்கும் பெரிய மதில் 1541-இன் பீதியில் பிறந்தது. அந்த வருஷம் மார்ச்சில், தெற்கே அகாதிரில் இருந்த போர்ச்சுகீசியக் கோட்டையை ஸாதி வம்சத்தார் பீரங்கி வைத்துப் பிடித்துவிட்டார்கள். பழைய செங்குத்துச் சுவர்கள் இனி தாங்காது என்று லிஸ்பனுக்குப் புரிந்தது. கோவா, மலாக்கா என்று கிழக்கே பணம் ஓடிக்கொண்டிருந்த காலம். மொராக்கோவில் இத்தனை ஊர்களைக் காக்கக் கஜானாவில் வலுவில்லை. மூன்றாம் ஜொவாவ்ம் மன்னர் ஸஃபியையும் அஸெம்மூரையும் காலி செய்யச் சொல்லிவிட்டு, மசகாவ்மை மட்டும் புதுமாதிரியாகக் கட்டச் சொன்னார். இத்தாலியர் பெனெதெத்தோ தா ராவென்னாவும், ஜொவாவ்ம் ரிபெய்ரோ, ஹுவான் தெ காஸ்தில்யோ ஆகியோரும் சேர்ந்து போட்ட வரைபடம் அது.

எனக்குக் கட்டுமானத்தில் ஆர்வம் உண்டு, அதனால் இங்கே கொஞ்சம் நின்றுவிடுகிறேன். மதிலின் சராசரி உயரம் எட்டு மீட்டர். கனம் பத்து மீட்டர். உயரத்தைவிடக் கனம் அதிகம்! குண்டு பட்டால் இடியாமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக உள்ளே நிரப்பி, வெளிமுகத்தைச் சரிவாக வைத்திருக்கிறார்கள். மூலைகளில் அம்பு முனைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளங்களிலிருந்து பார்த்தால் மதிலின் அடி முழுவதும் கண்ணில் படும். எதிரி பதுங்க ஓர் இடம் கிடையாது. சுற்றிலும் இருபது மீட்டர் அகல அகழியில் கடல் நீர். பின்னால் நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் அந்த அகழியைத் தூர்த்து, புதிதாக ஒரு வாசலும் திறந்தார்கள். இன்று நீங்கள் சௌகரியமாக நடந்து நுழைவது அதன் வழியாகத்தான். 1562-இல் ஸாதி சுல்தானின் படை பெரும் முற்றுகை போட்டுப் பார்த்தது, முடியவில்லை.

உள்ளே முக்கியத் தெரு ருவா தா கரெய்ரா, கடல் வாசல் வரை நேராக ஓடுகிறது. அதன் நடுவில் நீர்த்தொட்டி. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமா பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை இங்கே கூட்டிவந்தபோது படியிறங்கியதும் வாயடைத்து நின்றுவிட்டார். ஒரு பக்கத்துக்கு முப்பத்து நாலு மீட்டர், கிட்டத்தட்டச் சதுரம். வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைக் கல்தூண்கள், அவற்றின் மேல் செங்கல் வளைவுகள். கூரை நடுவில் ஒரு வட்டத் துவாரம், வெளிச்சம் முழுக்க அதன் வழியாகத்தான். தரையில் விரல் கனத்துக்குத் தண்ணீர் நிற்கும், தூண்கள் தலைகீழாக அதில் தெரியும். பழைய கோட்டையின் கிடங்காக இருந்த கூடம் இது. முற்றுகைக் காலத்தில் கிணற்றை நம்பி இருக்க முடியாதென்று, மழைநீரைச் சேர்க்கும் தொட்டியாக மாற்றினார்கள். அப்புறம் எல்லோரும் மறந்துபோய், 1916-இல் ஒரு வியாபாரி கடையைப் பெரிதாக்கச் சுவரை இடித்தபோது தற்செயலாக வெளிப்பட்டது என்பது ஊர்க் கதை. ஆர்ஸன் வெல்ஸ் தன் 'ஒதெல்லோ' படத்தின் சண்டைக் காட்சியை இங்கே எடுத்தார்.

மாமா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, சுவரு இப்படி, தண்ணி இப்படி. எவனாலயும் பிடிக்க முடியலைன்னு வேற சொல்ற. அப்புறம் எதுக்கு விட்டுட்டுப் போனான்?"

கோட்டையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். சுவருக்கு வெளியே ஓர் ஏக்கர்கூட நிச்சயமாகச் சொந்தமில்லாத ஊர் இது. தானியம் கப்பலில் வர வேண்டும். சிப்பாய்ச் சம்பளமும் லிஸ்பனிலிருந்து வர வேண்டும், அதில் எப்போதும் பாக்கி. வெளியே போனால் காவல் கோபுரத்து எச்சரிக்கைக்குக் காது கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அந்தக் கோபுரம்தான் இன்று பள்ளிவாசலின் ஐங்கோண மினாரெட்டாக நிற்கிறது. பக்கத்திலேயே அன்றைய தேவாலயம். இப்படி இரண்டே கால் நூற்றாண்டு ஓட்டினார்கள். மொகதோர் துறைமுகத்தைக் கட்டி, அட்லாண்டிக் கரையைத் தன் கைக்குள் கொண்டுவந்துகொண்டிருந்த சுல்தான் முகம்மது பின் அப்துல்லா பெரும் படையோடு வந்து சூழ்ந்தார். லிஸ்பனில் அமைச்சர் பொம்பால் கணக்குப் பார்த்தார். 1755 பூகம்பத்தில் இடிந்த தலைநகரையே இன்னும் கட்டி முடிக்கவில்லை. இந்தக் கோட்டையால் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. ஆனால் பிரெஞ்சு கயானாவுக்குப் பக்கத்தில், அமேசான் முகத்துவாரத்தில், போர்ச்சுகல் பெயரில் குடியிருக்க ஆள் தேவை. காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது.

1769 மார்ச் 11. சுமார் இரண்டாயிரம் பேர் கடல் வாசல் வழியாகப் படகேறினார்கள். பலரும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கொண்டுபோக முடியாததை அழித்தார்கள், குதிரைகளையும் விட்டுவைக்கவில்லை. ஆளுநர் கொத்தளத்தின் அடியில் வெடிமருந்து புதைத்துவிட்டுப் போக, உள்ளே நுழைந்த சுல்தானின் வீரர்கள் பலர் அதில் செத்தார்கள். அதன் பிறகு அரை நூற்றாண்டு அந்த ஊரில் விளக்கேற்ற ஆளில்லை. 1820-களில் சுல்தான் மூலே அப்துர் ரஹ்மான்தான் சீர்செய்து மக்களைக் குடியேற்றினார். அஸெம்மூரிலிருந்து யூதர்களும் வந்தார்கள். அதனால்தான் உள்ளூர்க்காரர்கள் இந்தக் கோட்டையை இன்னும் மெல்லா, அதாவது யூதர் குடியிருப்பு, என்கிறார்கள்.

போனவர்களுக்கு நேர்ந்ததுதான் கொடுமை. லிஸ்பனில் அரை வருஷம் காக்க வைத்தார்கள். பிறகு மறுபடி கப்பல், பிரேசிலின் பெலெம். அங்கே வீடு தயாராகும் வரை திரும்பவும் காத்திருப்பு. குதிரையேறிச் சண்டை போட மட்டும் தெரிந்தவர்களை, காட்டாற்றங்கரையில் புதிய மசகாவ்ம் என்று ஒரு ஊர் போட்டு, விவசாயம் பண்ணு என்று விட்டார்கள். ஈரமும் காய்ச்சலும் பலரைக் கொன்றன, பலர் ஓடிப்போனார்கள். இன்று அமப்பா மாநிலத்தில் மசகாவ்ம் வெல்யோ என்ற பெயரில் அந்த ஊர் இருக்கிறது. 1777 முதல் அங்கே ஜூலை மாதம் சந்தியாகப்பர் திருவிழா. மூர்களும் கிறிஸ்தவர்களுமாகப் பிரிந்து குதிரையில் போலிச் சண்டை நடக்கும். இன்று இரண்டு அணியிலும் குதிரையேறுகிறவர்களில் பெரும்பாலோர், அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள்.

இதை மாமாவிடம் சொல்லி முடிப்பதற்குள் கடல் வாசலுக்கு வந்துவிட்டோம். "சுவரு ஜெயிச்சுது, சர்க்கார் தோத்துது" என்றார். என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. சர்க்கார் தோற்கவில்லை, அது கணக்கை நேர்செய்துகொண்டது. நஷ்டத்தை அந்த இரண்டாயிரம் பேர் தலையில் எழுதிவிட்டது, அவ்வளவுதான்.

கடல் வாசலைப் பார்த்தபின் மதிலேறி, தேவதைக் கொத்தளத்தில் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் காற்று வாங்குங்கள். மத்தியானத்துக்கு வறுத்த மத்தி மீன், ரொட்டி, புதினா டீ. வெள்ளிக்கிழமை போனால் கூஸ்கூஸ் கிடைக்கும், ஆனால் தொழுகை நேரத்தில் கடைகள் சாத்தியிருக்கும். நீர்த்தொட்டியைச் சீரமைப்புக்காக மூடி வைப்பதுண்டு, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு மேல் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு, இருட்டுவதற்குள் வண்டியை எடுங்கள். ஆகஸ்டில் மட்டும் தேதி பார்த்துப் போங்கள். ஊருக்குத் தெற்கே மூலே அப்தல்லா திருவிழா நடக்கும் வாரத்தில் லட்சக்கணக்கில் ஜனம் வரும், துப்பாக்கியோடு குதிரைப்படை ஆட்டம் நடக்கும். பார்க்க வேண்டிய ஆட்டம்தான், ஆனால் அந்த வாரம் கோட்டையை நிதானமாகப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.