தழும்பு இல்லாத கணக்கு

புதுச்சேரியில் நான் படித்த காலத்தில், பிரெஞ்சு வினைச்சொல் ஒன்று தப்பினால் பள்ளியில் ஸ்கேல் அடி, வீட்டில் அப்பாவின் பெல்ட் அடி. அக்கா மேல் ஒரு நாளும் கை பட்டதில்லை. அவளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். அவ்வளவுதான். எங்கள் இருவரில் யாருக்கு நேர்ந்தது பெரிய கொடுமை?

ஓய்வு பெற்று, மகனோடு ஓசூர் வந்தபின் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1860-ல் பாரிஸ் சட்ட மருத்துவர் அம்ப்ருவாஸ் தார்தியே, குழந்தைகள் வதைக்கப்பட்ட 32 சம்பவங்களைத் தொகுத்தார். அவற்றில் 18 குழந்தைகள் இறந்துபோயின. 1962-ல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்ப் குழுவினர், எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பு முறிவுகளைக் காட்டினார்கள். அதுவரை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்த காயமே அளவுகோல்.

1993-ல் பார்னெட், மேன்லி, சிக்கெட்டி என்ற மூவர், உடல் வதை, பாலியல் வதை, மன வதை, கவனிப்பின்மை என்று வகை பிரித்து, ஒவ்வொன்றின் கடுமைக்கும் மதிப்பெண் போடும் முறையை வெளியிட்டார்கள். குமாஸ்தாவான எனக்கு அது பிடித்தது. ஆனால் ஒரு சந்தேகம். அடியில் 3 என்பதும் கவனிப்பின்மையில் 3 என்பதும் ஒன்றா? ரூபாயையும் கிலோவையும் ஒரே கலத்தில் கூட்டினால் எந்த ஆடிட்டர் விடுவார்?

நம் நாட்டில் 2007-ல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பேர் அடி வாங்கியவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒருவகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள். பெண்பிள்ளைகளில் 70 சதவீதத்துக்கு மேல் வீட்டாரின் புறக்கணிப்பைச் சொன்னார்கள். இந்தச் சதவீதங்கள் எத்தனை பேர் என்று சொல்லும். எவ்வளவு ஆழம் என்று சொல்லாது. ஒரே பிள்ளை எல்லாக் கலத்திலும் இருக்கலாம்.

நம் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இன்றும் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து வைக்கப்படும் சிறுமிகள் இருக்கிறார்கள். பெற்றவர்களைக் கேட்டால், "ஒரு அடி அடிச்சதில்ல சார்" என்பார்கள். பொய்யில்லை. தழும்பு இல்லை என்பதால் கடுமை இல்லை என்று ஆகிவிடுமா?

போன வாரம் அக்காவிடம் போனில் என் சந்தேகத்தைக் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: "உனக்கு அந்த அடி இப்ப வலிக்குதாடா? எனக்கு இன்னைக்கும் பஸ் போர்டை யாராவது படிச்சுத்தான் சொல்லணும்."